பினாங்கில் வாப்பாவின் திண்ணை

ஓர் ஊருக்குப் போய்த் திரும்பியவரிடம் அவ்வூரைப் பற்றிக் கேட்டால், கோட்டையைச் சொல்வார், கடற்கரையைச் சொல்வார், பள்ளிவாசல் மினாராவின் உயரத்தைச் சொல்வார். அங்குள்ள தெருவில் ஒரு முதியவர் அச்சமின்றி எவ்வளவு தொலைவு நடக்கலாம், களைப்படைந்தால் எங்கே அமரலாம், திடீரென மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்கலாம் என்பவற்றைச் சொல்பவர் மிகச் சிலரே. ஆயினும், ஊர் என்பது பெரும்பாலும் தெருதானே! வீடு நமக்கு மட்டும் உரியது. தெரு எல்லார்க்கும் உரியது. ஓர் ஊரார் எத்தகையவர் என்பதை அறிய, எல்லார்க்கும் உரியதை அவர்கள் எவ்வாறு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நாகூரில் எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பில் ஒரு திண்ணை இருக்கிறது. நீளம் 22 அடி; அகலம் 4 அடி. அதனை இடித்துவிட்டு, முன்னறையையும் சேர்த்து இரண்டு கடைகளாகக் கட்டி வாடகைக்கு விடலாம் என்று 2023ஆம் ஆண்டில் என் தம்பி யோசனை கூறினார். அதில் பேராசை எதுவும் இல்லை. வளைகுடாவில் 20 ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பியவர் அவர், ஓய்வூதியம் கிடையாது, இளைய மகளின் படிப்பு இன்னும் முடியவில்லை. ராத்தாவும் இசைந்துவிட்டார். என் சம்மதம் ஒன்றே எஞ்சி நின்றது. "பினாங்குக்குப் போய் வந்து சொல்கிறேன்" என்று நான் நாளைக் கடத்தினேன்.

பினாங்கில் எங்கள் சாச்சாவின் மகன் இருக்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், எனக்கு நானா. மர்ஹூம் வாப்பா அவர்கள் வாழ்ந்த தெருவை ஒரு முறையேனும் வந்து பார்த்துவிட்டுப் போ என்று ஆண்டுதோறும் அழைத்துக்கொண்டே இருந்தார். அவ்வழைப்பை ஏற்கும் வாய்ப்பை அல்லாஹ் அவ்வாண்டின் இறுதியில் தந்தான்.

கடல் வழியும் வான்வழியும்

வாப்பா 1955ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்களின் தலைவர்களை அக்கரைக்குச் சுமந்து சென்ற கப்பல் அது. அதன் இடத்தில் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீவிபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடல்வழியும் ஓய்ந்துபோயிற்று. நானும் என் மனைவியும் திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூர் வழியாகப் பினாங்கு போய்ச் சேர்ந்தோம். வாப்பா நாட்கணக்கில் கடந்த தொலைவை நாங்கள் சில மணி நேரத்தில் கடந்துவிட்டோம்.

வாப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் திண்ணையில் அமர்ந்தபடி, "அங்கேயும் நமக்கு ஒரு திண்ணை இருக்கிறது" என்று சொல்வார்கள். அங்கே அவர்களுக்குச் சொந்த வீடே இல்லை என்பதைப் பிள்ளைகளாகிய நாங்கள் அறிவோம். வீடில்லாதவருக்குத் திண்ணை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு நெடுங்காலம் விளங்காத புதிராகவே இருந்தது.

நான்கு வீதிகளுக்குள் ஒரு நகரம்

பினாங்குத் தீவின் தலைநகரம் ஜார்ஜ் டவுன். 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் என்பவர் இத்தீவைத் தம் வசமாக்கினார். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்னும் நான்குமே அவர் வகுத்த பழைய நகரின் எல்லைகள். இவற்றுள் சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற நம் முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பெயர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் தெருப்பலகையில் நின்று நிலவுகிறது.

நம்மவர்களின் தலைவராக விளங்கிய காதிர் முகைதீன் மரைக்காயர் அவர்கள் 1801ஆம் ஆண்டில் அங்கே ஒரு பள்ளிவாசலை நிறுவினார்கள். அதற்கென அரசு வழங்கிய நிலம் 18 ஏக்கர். அன்று எளிய கட்டிடமாக இருந்த அதுவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவுபடுத்தப்பெற்று, இன்று குவிமாடங்களோடும் மினாராவோடும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எனத் திகழ்கிறது. பிட் தெருவுக்கும் இப்போது இப்பள்ளிவாசலின் பெயரே வழங்குகிறது.

இந்த ஒரே தெருவில் நடந்தால் ஒரு முனையில் 1818ஆம் ஆண்டின் புனித ஜார்ஜ் தேவாலயம். சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில். அடுத்த தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். பிறகு நம் பள்ளிவாசல். தென்கோடியில் 1808ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆச்சே தெருப் பள்ளிவாசல். ஹஜ்ஜுக்குக் கப்பலில் சென்ற காலத்தில், அப்பகுதி ஹாஜிகள் கூடிப் பயணத்துக்கு ஆயத்தமாகும் இடமாக இருந்ததால் அதனை 'இரண்டாவது ஜித்தா' என்றே அழைத்தார்களாம்.

அஞ்சடி என்னும் அரிய ஏற்பாடு

எனக்கு வியப்பளித்தது கட்டிடங்களைக் காட்டிலும் அவற்றின் முன்புறமே. அங்குள்ள பழைய கடைவீடுகள் ஒடுங்கிய முகப்பும் நீண்ட உட்புறமும் கொண்டவை. நம் வீடுகளின் முற்றத்தைப் போலவே நடுவில் வானம் தெரியும் வெளி உண்டு. கீழே கடை, மேலே குடித்தனம். மேல்மாடி தெருவை நோக்கி முன்னே நீண்டு தூண்களின்மீது நிற்கும். அதன் அடியில் வெயிலும் மழையும் படாத ஒரு நடைவழி கடைக்குக் கடை தொடர்ந்து செல்லும். அகலம் ஏறக்குறைய ஐந்தடி என்பதால் மலாய் மொழியில் 'காக்கி லீமா' என்பர். அங்குள்ள தமிழர் 'அஞ்சடி' என்பர்.

1822ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரை வகுத்த ராஃபிள்ஸ், ஒவ்வொரு கட்டிடத்துக்கும் முன்னால் இத்தகைய மூடிய நடைவழி தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்று விதித்தார். அம்முறை இப்பகுதி நகரங்களில் பரவி வேரூன்றிற்று. இதில் ஓர் அழகிய நியாயம் அடங்கியிருக்கிறது. அஞ்சடியின் நிலம் கட்டிடத்துக்கு உரியவருடையது. அதில் நடக்கும் உரிமையோ வழிப்போக்கருடையது. தனக்குரியதில் ஒரு பங்கைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்த பிறகே அங்கே ஒருவர் வீடு கட்ட முடிந்தது.

என் அளவுகோல்

மறுநாள் காலை எட்டு மணியளவில் பள்ளிவாசல் வாயிலிலிருந்து நடக்கத் தொடங்கினோம். தெருவின் தரத்தை அளக்க நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டேன். நிழல் உண்டா? ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வண்டிச் சாலையில் இறங்காமல் நடக்க முடியுமா? அமர இடம் உண்டா? பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அங்கே தயக்கமின்றி நிற்கிறார்களா?

அளவுகோல் என்னுடையதாயினும் உண்மையில் அளந்தது என் மனைவியின் முழங்கால். அவளுக்கு மூட்டுவலி. சூலியா தெருவில் திரும்பிக் கடற்கரைப் பக்கமாகச் சென்ற அரை மணி நேரத்தில் 11 முறை அவள் அஞ்சடியை விட்டுச் சாலையில் இறங்கி ஏற வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். ஓரிடத்தில் உணவுக்கடையின் மேசைகளும் எரிவாயு உருளைகளும். ஓரிடத்தில் சரக்குப் பெட்டிகள். வேறிடத்தில் அஞ்சடியே சுவர் எழுப்பி அடைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டிடமும் தனித்தனிக் காலத்தில் எழுந்தமையால் தளங்களின் உயரமும் ஒன்றாக இல்லை. அடுத்த வாசலுக்குப் போக ஒரு படி ஏற வேண்டும், அதற்கடுத்த வாசலில் இரண்டு படி இறங்க வேண்டும்.

"நிழலுக்கு நூற்றுக்கு நூறு, நடைக்கு முப்பதுதான்" என்று நான் தீர்ப்பளித்தேன்.

நாகூர் ஷாஹுல் ஹமீது பாதுஷா அவர்களின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எழுந்த தர்ஹாவை நெருங்கும்போது மழை கொட்டத் தொடங்கிற்று. நம்மூரைப் போல் முன்னறிவிப்புத் தந்து வரும் மழையன்று அது. ஒரு நிமிடத்தில் தெரு முழுவதும் அஞ்சடிக்குள் வந்துவிட்டது. காய்கறிப் பையுடன் ஒரு சீன மூதாட்டி, வங்காளதேசத்துத் தொழிலாளர் இருவர், நிழற்படக் கருவியைத் துணியால் மூடிப் பிடித்த வெள்ளைக்காரத் தம்பதி, பள்ளிக்கூடச் சீருடையில் மலாய்ச் சிறுமியர் மூவர், நாங்கள் மூவர். எவரும் எவரையும் முன்பின் அறியோம். கடைக்காரர் ஒருவர் உள்ளேயிருந்து இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளை எடுத்து வெளியே தள்ளினார். ஒன்றில் சீன மூதாட்டியும் மற்றொன்றில் என் மனைவியும் அமர்ந்தனர். இருவரும் தத்தம் முழங்காலைத் தடவிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மொழி தேவைப்படவில்லை.

என் முப்பது மதிப்பெண்ணைச் சற்று உயர்த்தலாமா என்று எண்ணினேன்.

தூணருகே ஒரு கடை

மழை விட்டபின் நானா எங்களை ஒரு சந்துக்கு அழைத்துச் சென்றார். கட்டிடம் ஒன்றின் தூணைத் தொட்டுக் காட்டி, "இதுதான் தம்பி, பெரிய வாப்பாவின் கடை" என்றார்.

கடையா! அங்கே ஒரு தூணும் சுவரும் தவிர வேறொன்றும் இல்லை.

அப்போதுதான் நானா விளக்கினார். சுவரில் சாத்திய மூன்றடிப் பலகைத் தட்டு ஒன்று; காலையில் விரித்தால் கடை, இரவில் மடித்தால் பெட்டி. செய்தித்தாள், பேனா, சோப்பு, தீப்பெட்டி, மிட்டாய். இவைதாம் எங்களைப் படிக்க வைத்தன. ராத்தாவுக்குத் திருமணம் முடித்தன. நாகூர் வீட்டுக்கு ஓடு மாற்றின.

நான் திகைத்து நின்றேன். காலை முழுவதும் எவற்றைத் தடைகள் என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டு வந்தேனோ, அவற்றில் ஒன்றாகத்தான் என் வாப்பாவின் கடையும் இருந்திருக்கிறது! என் கணக்கின்படி அது பன்னிரண்டாவது தடை.

நானா என் முகக்குறிப்பை உணர்ந்திருக்க வேண்டும். "நீ நினைப்பது சரிதான். ஆனால் பெரிய வாப்பாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் தட்டை விரித்ததும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு தட்டுக்கும் தூணுக்கும் இடையே ஒரு முறை நடந்து பார்ப்பார்கள். குடை எதிலும் இடிக்காமல் போனால்தான் வியாபாரம். இடித்தால் பலகையை இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டுவார்கள். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி ஒன்று எப்போதும் பக்கத்தில் கிடக்கும். சரக்கு வைக்க அன்று. யாராவது களைத்து வந்தால் உட்கார. பக்கத்துச் சீனத் தையற்காரர் ஊருக்குப் போனால் கடைச் சாவியை இங்கேதான் கொடுத்துவிட்டுப் போவார்" என்றார்.

பாதையோரத்தில் அமர்வதைத் தவிர்க்க இயலாதவர்கள் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். பார்வையைத் தாழ்த்துதல், பிறர்க்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறுதல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என அவ்வுரிமைகளை விளக்கியும் இருக்கிறார்கள். வாப்பா பெரிய படிப்பாளி அல்லர். அந்த உரிமையை அவர்கள் ஒரு குடையால் அளந்திருக்கிறார்கள்.

அங்கேயும் ஒரு திண்ணை இருக்கிறது என்று அவர்கள் சொன்னதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

குறையற்ற அஞ்சடி, ஆளற்ற அஞ்சடி

அந்தக் கட்டிடம் இன்று ஒரு சிறு தங்கும் விடுதி. பழுதுபார்த்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்; தூணில் ஒரு கீறல் இல்லை. அஞ்சடியின் தரை சமமாக இருந்தது, தடை எதுவும் இல்லை, விளக்கும் பொருத்தியிருந்தார்கள். என் அளவுகோலின்படி முழு மதிப்பெண் பெறத்தக்கது. ஆனால் அங்கே ஒரு மனிதரும் இல்லை. வழி கேட்கவும் ஆள் இல்லை. சாவி கொடுத்துவிட்டுப் போகவும் ஆள் இல்லை.

"எங்கே போனார்கள் எல்லாரும்?" என்று கேட்டேன்.

"நான் போன இடத்துக்குத்தான்" என்றார் நானா. அவரும் ஒரு காலத்தில் அச்சந்தின் மாடியில் குடியிருந்தவரே. இப்போது நகருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார்.

காரணத்தை அவரே விரித்துரைத்தார். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட கட்டிடங்களின் வாடகையை உயர்த்தவொட்டாமல் காக்கும் சட்டம் மலேசியாவில் இருந்தது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது அதன் பெயர். ஏழைக் குடும்பங்களும் சிறு தொழிலாளரும் நகரின் நடுவே வாழ முடிந்தது அதனால்தான். ஆனால் உடைமையாளருக்குக் கிடைத்த சொற்ப வாடகை ஓடு மாற்றவும் போதவில்லை. கட்டிடங்கள் ஒழுகின, உளுத்தன. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு பாதுகாப்பு முற்றிலும் முடிவுற்றது. வாடகை பல மடங்காயிற்று. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் பெட்டி கட்டினார்கள்.

2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் இணைந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றன. பல இனத்தாரும் பல சமயத்தாரும் கூடி வாழும் மரபும் அப்பெருமைக்கு ஒரு காரணமாகும். இங்கே மூலப் பாதுகாப்புப் பகுதி மட்டும் 109 ஹெக்டேர். இதனால் கட்டிடங்கள் பிழைத்தன. இதனை மறுத்தல் நன்றியன்று. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஜக்காரெவிச் சுவர்களில் தீட்டிய ஓவியங்களால் பயணிகள் பெருகினர். ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டிச் சிறுவர் ஓவியத்தின் முன் படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றவர்களை நானும் பார்த்தேன். சுவரில் எழுதிய குழந்தைகளைக் காண உலகம் வருகிறது. அத்தெருக்களில் ஓடி விளையாடிய குழந்தைகள் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள்.

அஸருக்குப் பின்

அன்று அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நானாவின் பழைய தோழர்களைக் கண்டேன். பேருந்து ஏறி, நாள்தோறும் இவ்வேளைக்கு வந்துவிடுகிறார்கள். தொழுகை முடிந்தபின் வெளிப்புறத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால், யாரும் எங்கும் போகவில்லை என்றே தோன்றும் என்றார் அவர்களில் ஒருவர். குவான் யின் கோயிலின் முன்முற்றத்திலும் இதே காட்சி: புறாக்களுக்கு இடையே சீன முதியவர்கள் அமர்ந்திருந்தார்கள். தெருவில் அமர இடமிழந்தவர்களுக்கு வழிபாட்டிடங்களின் வெளிமுற்றங்கள் அங்கே திண்ணையாகிவிட்டன.

மாலையில் கடலோரத் திடலான பாடாங் கோத்தாவுக்குச் சென்றோம். கடற்காற்றில் குடும்பங்கள் குழந்தைகளுடன் உலவின. பெண்கள் அச்சமின்றி அமர்ந்திருந்தார்கள். நல்ல பொதுவெளி, ஐயமில்லை. ஆயினும் திடலுக்கு நாம் புறப்பட்டுப் போக வேண்டும். திண்ணையோ நாம் போகும் வழியில் இருக்கிறது.

என் மனைவி கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "காலையிலிருந்து இந்த ஊரை எண்ணுகிறீர்கள். நம் வீட்டுத் திண்ணையில் யார் யார் உட்காருகிறார்கள் என்று ஒரு நாளாவது எண்ணியதுண்டா?"

இல்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை.

23 பேர்

ஊர் திரும்பிய பின் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் முதல் இஷா வரை முன்னறைச் சன்னலருகே இருந்து எண்ணினேன். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் இளைப்பாறிய முதியவர்கள். மீன்கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிய அம்மா. வேனுக்குக் காத்திருந்த மாணவியர். மதரஸா விட்டு வந்து செருப்பு வாரைச் சரிசெய்த சிறுவர். தர்ஹாவுக்கு வந்து வழி தவறிய வெளியூர்க் குடும்பம் ஒன்று, கைக்குழந்தையுடன். மொத்தம் 23 பேர். அவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டார் அல்லர்.

அந்தக் கணக்கைத் தம்பியிடம் சொன்னேன். வாப்பாவின் குடையைப் பற்றியும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "23 பேரும் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள், காக்கா; கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது?" என்றார். நியாயமான கேள்வி. பினாங்கில் வீட்டுக்காரரும் ஒழுகும் கூரையின் கீழ் இதைத்தானே கேட்டிருப்பார்! தெருவின் நன்மைக்கான செலவை ஒருவர் தலையிலேயே சுமத்தினால் அந்த நன்மை நிலைக்காது.

முடிவில் கொத்தனாரை அழைத்து அளந்தோம். முன்னறையை மட்டும் ஒரே கடையாக்கினோம். அதற்கு வாசல் வைக்கத் திண்ணையில் 9 அடியை விட்டுக்கொடுத்தோம். 13 அடி அப்படியே நிற்கிறது. இரண்டு கடைகளின் வாடகை ஒன்றாயிற்று. வாடகையில் என் பங்கைத் தம்பிக்கே விட்டுவிட்டேன். ராத்தாவும் தம் பங்கில் பாதியை விட்டுக்கொடுத்தார். தம்பிக்கு இன்னும் முழு மனநிறைவு இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் கடை எடுத்தவரிடம், சரக்கு எதையும் திண்ணையில் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையை எழுதி வாங்கியவர் அவரேதான்.

வாசக சகோதர சகோதரிகளே! நம் ஊர்களில் இன்று திண்ணைகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. மறைவதற்குத் தக்க காரணங்களும் இருக்கலாம். குடும்பத் தேவையைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமை இல்லை. இடிக்கும் முன் ஒரே ஒரு மாலைப் பொழுது சன்னலருகே அமர்ந்து, அங்கே வந்து அமர்வோரை எண்ணிப் பாருங்கள். இடித்தே ஆக வேண்டுமென்றாலும், கட்டி முடித்தபின் ஒரு குடையை விரித்துக்கொண்டு உங்கள் வாசலின் முன்னே ஒரு முறை நடந்து பாருங்கள்.